முப்பத்தெட்டாம் கேள்வி

செல்போனை அணைக்கச் சொல்லி வாங்கி, ஒரு பழுப்புக் கவரில் போட்டு, கவரின் மேல் பெயரை எழுதி, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். பொதுத்தேர்வு விதி அது. அறைக்குள் போகிற வாத்தியார் யாரிடமும் போன் இருக்கக் கூடாது, பரீட்சை முடிந்து விடைத்தாள் கட்டை ஒப்படைத்த பிறகுதான் கைக்குத் திரும்பி வரும். எத்தனையோ வருஷமாக மேற்பார்வைக்குப் போகிற ஆவுடையப்பன் சாருக்கு இது என்ன புதுசா. போன் என்று ஒன்று இல்லாத காலத்திலேயே பரீட்சை ஹாலில் நின்று நின்று கால் வீங்கியவர். ஆனாலும் இன்றைக்கு அந்த பீரோ சாவி திரும்பிய சத்தம் அவருக்கு வயிற்றில் கேட்டது. "அவசரம்னா ஆபீஸ் போன் நம்பர வீட்டுல கொடுத்து வைங்க சார், கூப்பிட்டா ஆள் அனுப்புதேன்" என்று தேர்வு மையத்து ஹெச்.எம். நல்ல மனசோடுதான் சொன்னார். "அவசரமெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடிப்படி ஏறிவிட்டார் இவர். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அறை வாசலுக்கு வந்த பிறகுதான் யோசித்தார். நம்பரைக் கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால், நல்லபடியா இருக்கும் சார், கவலப்படாதீங்க என்பார்கள். அந்த 'நல்லபடியா இருக்கும்' காதில் விழவே கூடாது என்றுதான் இந்தத் தடவை யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று மனைவி வடிவு சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தாள். கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருந்தபடி போனிலேயே மிரட்டினாள். "வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க. வாத்திமாரு கூடி உக்காந்து பேசுதோம்னு எதையும் அவுத்து விட்றாதீய." சரி, அவிழ்த்து விடவில்லை. இன்று காலை பதினொரு மணிக்கு மேல் மகள் சங்கரி ஸ்கேன் அறைக்குள் போய்ப் படுப்பாள். வயிற்றில் இருக்கிற உயிருக்கு இதயம் துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். துடித்தால் துடிக்கிறது என்பார்கள். இல்லாவிட்டால் மூன்றாவது தடவையாக இல்லை என்பார்கள். இங்கே சங்கரன்கோவிலில் அவளைப் பெற்றவர், இங்கிலீஷ் பரீட்சை எழுதுகிற பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடுவே, கடைசி மணி அடிக்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாமல் நடந்துகொண்டிருப்பார்.

இந்தப் பள்ளிக்கூடத்தில் மணி என்பது வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. அதை அடித்ததும் எழுந்த ணங்கென்ற சத்தம் அடங்குவதற்குள் வினாத்தாளைக் கொடுத்துக்கொண்டே போனார். நெற்றியில் திருநீறு காய்ந்து உதிர, ஒரு பெண் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் உதட்டுக்குள்ளேயே ஜெபம் பண்ணிவிட்டுத் தாளைத் திறந்தாள். எல்லாக் குழந்தைகளும் ஏதோ ஒரு கதவைத் தட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள், நான் மட்டும்தான் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை என்று அவருக்குத் தோன்றியது. காலையில் கோயில் வாசல் வழியாகத்தான் வந்தார். கோமதியம்மன் சந்நிதிப் பக்கம் சைக்கிளைக்கூட மெதுவாக்கவில்லை. கேட்டால் எதிர்பார்க்கிறோம் என்று அர்த்தம். எதிர்பார்த்தால் என்ன ஆகும் என்று இரண்டு தடவை பார்த்தாயிற்று. வராத பிள்ளைக்கு உரிய வினாத்தாள் ஒன்று அவர் கையில் மிஞ்சியது. அதை வாங்கிப்போக ஆள் வருகிற வரை சும்மா புரட்டினார். விலங்கியல் வாத்தியாருக்கு இங்கிலீஷ் பேப்பரில் என்ன வேலை, ஆனாலும் மனசு எதையாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமே. முப்பத்தெட்டாம் கேள்வியில் கண் நின்றது. 'ஹோப் அகெய்ன்ஸ்ட் ஹோப்' என்னும் மரபுத்தொடரை அதன் பொருள் விளங்குமாறு சொந்த வாக்கியத்தில் அமைக்க. அவர் அதை இன்னொரு தரம் படித்தார். சொல்லிவைத்த மாதிரி கடைசி பெஞ்சில் ஒரு கை எழுந்தது. ஹால் டிக்கெட்டில் பொன்மாரி என்று போட்டிருந்தது, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ரெட்டைச் சடை. "சார், இந்த முப்பத்தெட்டுக்கு அர்த்தம் மட்டும் சொல்லுதீயளா, வாக்கியம் நானே எழுதிக்கிடுதேன்" என்றாள், கடைக்காரரிடம் விலை கேட்கிற மாதிரி. "பேசக் கூடாதும்மா, தெரிஞ்சத எழுது" என்றார். விதி அதுதான். ஆனால் விதி இல்லையென்றாலும் அவரால் அதற்குமேல் சொல்லியிருக்க முடியாது. அவருக்கும் தெரியாது.

ஹோப் என்றால் நம்பிக்கை. அது தெரியும். அகெய்ன்ஸ்ட் என்றால் எதிர்த்து. அதுவும் தெரியும், இந்தியா அகெய்ன்ஸ்ட் ஆஸ்திரேலியா என்று ரேடியோவில் கேட்டு வளர்ந்த தலைமுறை. அப்படியென்றால் நம்பிக்கையும் நம்பிக்கையும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடுகின்றன. இதில் யார் ஜெயிக்க வேண்டும் என்று நாம் உட்கார்ந்து பார்ப்பது. எது ஜெயித்தாலும் நம்பிக்கைதானே ஜெயிக்கிறது, எது தோற்றாலும் நம்பிக்கைதானே தோற்கிறது. இங்கிலீஷ்காரன் கிறுக்கனா என்ன. கூட வேலை பார்க்கிற ஜெபக்கனி டீச்சரிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லுவார், ஆனால் இங்கிலீஷ் பரீட்சை அன்றைக்கு இங்கிலீஷ் டீச்சர்களை எந்த மையத்திலும் சேர்க்க மாட்டார்கள், அவர் இந்நேரம் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். ஜெபக்கனி டீச்சர் என்று நினைத்ததுமே வேறு ஒன்று வந்து முட்டியது. இரண்டாவது தடவை இல்லையென்று ஆகி, லீவு முடிந்து ஆவுடையப்பன் பள்ளிக்குப் போன அன்று, ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கு ஆள் வயசு இருக்கு சார், அடுத்தது நிக்கும் சார், எங்க நாத்தனாருக்கு மூணாவதுதான் நின்னுச்சு சார் என்று ஆறுதல் சொல்லி அவரைச் சாகடித்தார்கள். ஜெபக்கனி டீச்சர் மட்டும் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டே தாழ்ந்த குரலில், "வீ ஹோப் அகெய்ன்ஸ்ட் ஹோப், சார்" என்றார். இதே தொடர். இதே வார்த்தைகள். அவர் அன்றைக்குத் தலையை ஆட்டினார். நம்பாதே, நம்பிக்கையை எதிர்த்து நில், அதுதான் உனக்குப் பாதுகாப்பு என்று டீச்சர் சொன்னதாக எடுத்துக்கொண்டார். இவங்க ஒருத்தங்கதான் உண்மையச் சொல்லுதாங்க என்று நன்றிகூட வந்தது. அன்றிலிருந்து அதன்படிதான் நடந்துவருகிறார், அல்லது நடப்பதாக நினைத்துவருகிறார். இப்போது இந்தக் கேள்வித்தாளைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது. எதிர்த்து நில் என்பதற்காக ஒரு மரபுத்தொடரை உண்டாக்கிப் பிள்ளைகளை எழுதச் சொல்லுவார்களா. டீச்சர் வேறு எதையோ சொல்லியிருக்கிறார். நான் வேறு எதையோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே சத்துணவுக் கூடத்தில் தாளிக்கிற வாசனை வந்தது.

ஸ்கிரீனை அந்தப் பக்கமா திருப்பிட்டாங்கப்பா. முதல் தடவை சங்கரி அவரிடம் சொன்னது இவ்வளவுதான். அழவில்லை. படுத்திருந்தவளுக்குத் தெரிகிற மாதிரி இருந்த திரையை, வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்த டாக்டரம்மா பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு கையால் மெல்லத் திருப்பித் தன் பக்கம் வைத்துக்கொண்டாராம். அப்புறம்தான் மாப்பிள்ளை இளங்குமரனை உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தத் திருப்பலிலேயே அவளுக்குத் தெரிந்துபோய்விட்டது, பிறகு அவர்கள் சொன்னதெல்லாம் சும்மா. அப்பாவைக் கூப்பிட்டு அந்தப் பக்கமா திருப்பிட்டாங்க என்றாள். அதற்கு இவர் என்ன கேட்டார் தெரியுமா. "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ஒரு தகப்பன் கேட்கிற கேள்வியா அது. எந்தப் பக்கமாக இருந்தால் என்ன, கிழக்கு மேற்கா, வாஸ்து பார்க்கவா. வாயிலிருந்து வந்துவிட்டது. "செவுரு பக்கம்ப்பா" என்று பதில் சொன்னாள் அந்தப் பிள்ளை. பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பொறுமையைத்தான் அவரால் இன்றுவரை மறக்க முடியவில்லை. வருஷா வருஷம் கரும்பலகையில் கருவின் வளர்ச்சியை வரைந்தவர் அவர். கலர் சாக்பீஸில் சிவப்பாக இதயத்தைப் போட்டு, மற்ற உறுப்பெல்லாம் உருவாகும் முன்னாடியே இது துடிக்க ஆரம்பிச்சிரும், குறிச்சுக்கோங்க என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவார். துடிக்காமலும் போகலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பாடப் புத்தகத்தில் அந்த வரி கிடையாது. இப்போது மணி என்ன இருக்கும். சுவரில் கடிகாரம் இல்லை, கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம் என்று சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார். பார்த்தால் மட்டும் அந்தத் திரை இந்தப் பக்கம் திரும்பிவிடுமா. இந்நேரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள். வடிவு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருப்பாள், அவளுக்கு அது வழக்கம்.

எல்லாம் அந்தக் கொலுசிலிருந்து ஆரம்பித்தது. ஆரம்பிக்கவில்லை, அப்படி ஒன்றும் கிடையாது, விஞ்ஞானம் படித்தவனுக்கு அது தெரியாதா. ஆனால் மனசு அங்கேதான் போய் உட்காருகிறது, கோழி அடைக்கு உட்காருகிற மாதிரி, விரட்டினாலும் சுற்றிவந்து அதே இடத்தில். முதல் தடவை சங்கரி விஷயத்தைச் சொன்ன சாயங்காலம் ரத வீதி வழியாக வந்துகொண்டிருந்தவர், நகைக்கடையில் கண்ணாடிக்குள் தொங்கிய வெள்ளிக் கொலுசைப் பார்த்தார். பச்சைப்பிள்ளைக் கொலுசு, கட்டைவிரலில் மாட்டலாம், அவ்வளவு சின்னது. மணி மட்டும் அதற்குள் நிறைய. உள்ளே போனார், வாங்கினார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீடுவரை சிணுங்கச் சிணுங்க நடந்தே வந்தார். வடிவு அதைப் பார்த்ததும் பேயைப் பார்த்தவள் மாதிரி நின்றாள். "பெறக்குறதுக்கு முன்னால ஒரு துணிகூட எடுக்க மாட்டாங்க, நீங்க கொலுசு வாங்கிட்டு வந்து நிக்கீய. படிச்ச மனுசன் செய்யுத வேலையா இது?" என்றாள். "படிச்ச மனுசன்தாம்டி இத நம்ப மாட்டான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது யாராவது தன் முகத்திலிருந்து பிய்த்து எடுத்தால் தேவலை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு சங்கரி வந்தபோது வடிவு எவ்வளவோ கண்ணைக் காட்டியும் கேளாமல் எடுத்துக் காட்டினார். அவள் ஒன்றைக் காதுப் பக்கம் வைத்து ஆட்டினாள், இன்னொன்றையும் ஆட்டினாள். "அப்பா, இதப் போட கால் எங்க இருக்கு இப்ப?" என்று கேட்டுச் சிரித்தாள். இவர் உடனே வாத்தியாராகி, கால் இப்போது மொட்டு மாதிரி இருக்கும், விரல் பிரிந்திருக்காது என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார். அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள், சின்ன வயசில் கதை கேட்ட மாதிரி. ஊருக்குத் திரும்பின கொஞ்ச நாளில் திரை சுவர் பக்கம் திரும்பியது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வடிவுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

"சார், அடிஷனல் ஷீட்" என்றது ஒரு குரல். பொன்மாரி. எழுதித் தள்ளியிருக்கிறாள். கூடுதல் தாளை எடுத்துக்கொண்டு போய், எண் சரிபார்த்து, கையெழுத்துப் போடக் குனிந்தார். கண்காணிப்பாளர் விடையைப் படிக்கக் கூடாது. அவர் படிக்கவில்லை, அது கண்ணில் வந்து விழுந்தது. முப்பத்தெட்டு என்று போட்டு அடிக்கோடு இழுத்து, உருண்டை உருண்டையான இங்கிலீஷில் எழுதியிருந்தாள். எங்கள் நாய் காணாமல் போய்விட்டது. அது வராது. அம்மா ஹோப் அகெய்ன்ஸ்ட் ஹோப், தினமும் அதன் தட்டில் சோறு வைக்கிறாள். அவ்வளவுதான். இலக்கணம் சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது, மார்க் கிடைக்குமா என்றும் தெரியாது. பேனா தாளின் மேலேயே நின்றுவிட்டது. அர்த்தம் தெரியாது என்று கேட்ட பெண்ணா இது. அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம், பறக்கும் படை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க உள்ளே வந்த அதிகாரி, குனிந்தபடியே நின்ற இவரைப் பார்த்துவிட்டு, "என்ன சார், திருத்தி மார்க்கும் போட்டுட்டுத்தான் வருவீங்களா?" என்றார். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். ஆவுடையப்பன் சட்டென்று கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார், காது சூடாகியது. அதிகாரி இரண்டு வரிசை நடந்து, ஒரு பெஞ்சுக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகும் அந்தத் தட்டு மனசை விட்டுப் போகவில்லை. எந்தத் தட்டாக இருக்கும். நசுங்கிய அலுமினியத் தட்டாகத்தான் இருக்கும். கொல்லையில், அடிபம்புக்குப் பக்கத்தில். அந்தம்மாவுக்குத் தெரியாதா நாய் வராது என்று. தெரியும். வைத்த சோற்றைக் காக்காய் கொத்துவதும் தெரியும். மறுநாளும் தட்டைக் கழுவுவாள், கழுவாமல் வைக்க மாட்டாள், மத்தியானம் உலை வைக்கும்போதே ஒரு கை அரிசி கூடப் போடுவாள். வராது என்பதும் அவளிடம் இருக்கிறது, சோறும் இருக்கிறது. ஒன்று மற்றதைத் துரத்திவிடவில்லை. இரண்டும் ஒரே வீட்டில் முகத்தைப் பார்த்துக்கொண்டு குடியிருக்கின்றன. ஆவுடையப்பனுக்கு அந்தப் பெயர் தெரியாத பெண்பிள்ளை மேல் பொறாமை வந்தது. அவள் ஊரறியத் தட்டை வைக்கிறாள்.

அவர் என்ன செய்தார். இரண்டாவது தடவையும் இல்லை என்று ஆன பிறகு, அதைக் கொண்டுபோய்க் கடையிலேயே கொடுத்திருங்க, வீட்டுல வேண்டாம் என்றாள் வடிவு. அதில் நியாயம் இருந்தது. போனார். கடைக்காரர் கொலுசை எடுத்துத் துணியால் துடைத்துவிட்டு, ஏன் சார், பிடிக்கலையா, வேற மாடல் பாக்கீங்களா என்று கேட்டார். அந்த மனிதர் அப்படி அதைத் துடைத்திருக்கக் கூடாது. யாரோ குளிப்பாட்டி எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருந்தது. "இல்ல, எடை சரியா இருக்கான்னு சும்மா பாக்க வந்தேன்" என்று உளறினார். கடைக்காரர் முகம் சுண்டிப்போயிற்று, பரம்பரையாகக் கடை வைத்திருப்பவரிடம் கேட்கிற கேள்வியா அது. தராசில் வைத்துக் காட்டி, பேசாமல் திருப்பிக் கொடுத்தார். இன்றைக்கும் அந்தக் கடைப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டுதான் போகிறார். வீட்டில் கொடுத்தாச்சு என்று சொல்லிவிட்டார். வடிவு காசு எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. அப்புறம் அதை எங்கே வைப்பது. வடிவு கை படாத இடம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, பரணுக்குக் கீழே அலமாரியில் இருக்கிற அவருடைய டிசெக்‌ஷன் பெட்டி. காலேஜில் தவளையும் கரப்பானும் அறுத்த பெட்டி. பள்ளிக்கூடங்களில் அறுவையை நிறுத்திய பிறகு கத்தி, கத்தரி, ஊசியெல்லாம் அப்படியே தூங்குகின்றன. வடிவுக்கு அதைக் கண்டாலே குமட்டும். அங்கே வைத்தார். பெட்டியை நகர்த்தினால் சிணுங்கும் என்று பஞ்சை எடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, மேலும் பஞ்சு வைத்து அமுக்கி மூடினார். செய்யும்போதே அவருக்குத் தெரிந்தது, இதைப் பார்த்தால் யாருக்கும் பிணத்துக்குப் பஞ்சு வைக்கிற நினைப்புத்தான் வரும் என்று. அதற்கப்புறம் ஒருநாளும் திறந்தது இல்லை. ஆனால் தூசி தட்டுகிற சாக்கில் பெட்டியை எடுத்துக் காதோரம் ஒரு தடவை ஆட்டிப் பார்ப்பார். சத்தம் வராது. வராததில் ஒரு திருப்தி, வராததில் ஒரு வலி. போன பொங்கலுக்குக்கூட வீட்டில் எல்லாரும் இருக்கையில் அவருக்கு அந்த அலமாரி நினைப்புதான். சங்கரி கூடத்தில் உட்கார்ந்து கதம்பம் கட்டினாள், நார் வெட்டக் கத்தரி எங்கேப்பா என்று வீடு முழுக்கத் தேடிவிட்டு வந்து, கிடைக்கல என்று சொல்லி நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள். பல்லு கூசும்டி என்று வடிவு வைதாள். அவள் குனிந்த தலை நிமிராமல் கட்டிக்கொண்டே இருந்தாள்.

நம்பவில்லை, எதிர்பார்க்கவில்லை, மனசைக் கல்லாக்கிக்கொண்டேன் என்று இத்தனை மாசமாகத் தன்னிடமே சொல்லிவந்த ஆள், பஞ்சுக்குள் சுற்றி அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். அப்படியென்றால் எவர் சொன்னது பொய். மாப்பிள்ளையிடம் போன மாசம் பேசும்போது, ஒண்ணும் நெனச்சுக்கிடாதீங்க மாப்ள, வந்தா வரட்டும், வராட்டி நமக்கென்ன என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னாரே. அந்தப் பையன் சரி மாமா என்று சொல்லிவிட்டுப் போனை வைக்காமல் மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு நின்றான். அவனுக்கு நமக்கென்ன என்று ஒரு வார்த்தையா வேண்டியிருந்தது. ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கியது, கலங்கினால் என்ன, தூசி என்று நினைத்துக்கொள்வார்கள். நின்றபடியே கேட்டார். யாரிடம் என்று தெரியவில்லை, அம்மனிடமா, கலர் சாக்பீஸால் தானே போட்ட அந்தச் சிவப்புப் புள்ளியிடமா. வேணும். எனக்கு வேணும். என் பிள்ளைக்கு வேணும். வராது என்று தெரிந்தாலும் வேணும், இதற்கு மேல் மறைக்க என்னிடம் பஞ்சு இல்லை. கேட்டு முடித்தார். பயம் எங்கும் போகவில்லை, அங்கேயேதான் நின்றது. இப்போது அதோடுகூட இன்னொன்றும் நின்றது, அவ்வளவுதான். தண்டவாளத் துண்டு அடித்தது, எச்சரிக்கை மணி. எழுதாத பக்கத்தைக் கோடு போட்டு அடிங்க, நூலை இறுக்கிக் கட்டுங்க என்று எப்போதும் சொல்வதைச் சொன்னார், குரல் அவருக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

கடைசி மணி அடித்ததும் தாளை வாங்கினார். பொன்மாரி தாளைக் கொடுத்துவிட்டு, "அந்த முப்பத்தெட்டு சரிதானா சார்?" என்று கேட்டாள். இப்போது பேசலாம், பரீட்சை முடிந்துவிட்டது. "சரிதாம்மா" என்றார். "எப்ப காணாமப் போச்சு நாய்?" "அது ரொம்ப நாளாச்சு சார்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள், கீழே யாரோ கூப்பிட்டார்கள். தாளை வரிசைப்படுத்தி, கீழே கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் எச்சில் தொட்டு எச்சில் தொட்டு எண்ணுகிற வரை நின்றார். ஒரு தாள் தலைகீழாக இருந்ததென்று மறுபடி ஆரம்பத்திலிருந்து எண்ணினார்கள். எண்ணுங்கள், நன்றாக எண்ணுங்கள். பீரோ திறந்தது. கவரைக் கிழித்து, போனை உயிர்ப்பிக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே வேப்பமரத்தடிக்கு வந்தார். அது ஒரு பாடாவதி போன், எழுந்திருக்க நேரம் எடுக்கும். வெள்ளையாக ஒளி வந்தது, கம்பெனி பெயர் வந்தது, போனது, மறுபடி இருட்டு. மெல்ல எழுந்ததும், அணைந்திருந்தபோது சங்கரி கூப்பிட்டாள் என்று ஒரு மெசேஜ் வந்தது. வடிவிடமிருந்து இல்லை. வடிவு ஏன் கூப்பிடவில்லை. நல்லதென்றால் அவள்தானே முந்திக்கொள்வாள். பேச முடியாத நிலைமையா. விரல் சங்கரி பெயர் மேல் நின்றது, அழுத்தவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் தெரியாமல் இருந்துவிட்டுப் போகிறேனே என்றுகூட நினைத்தார். அதற்குள் அதுவே அதிர்ந்தது.

"அப்பா" என்றாள் சங்கரி. குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம், யாருக்கோ டோக்கன் கூப்பிட்டார்கள். "சாப்ட்டீயளா?"

"இப்பதாம்மா விட்டாங்க. நீ சொல்லு."

அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டார், பட்டை உள்ளங்கையில் குத்தியது. எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா ஸ்கிரீன என் பக்கமாத் திருப்பினாங்கப்பா" என்றாள். "நீயே பாத்துக்கோன்னாங்க. சின்னதா, மினுக்கு மினுக்குன்னு. சத்தமும் வச்சாங்க. நீங்க கிளாஸ்ல சொல்லுவீயள்ல, அதேதான்."

அவர் ம் என்றார், மறுபடியும் ம் என்றார்.

"அம்மா வெளிய உக்காந்து அழுதுகிட்டு இருக்கா. யாருகிட்டயும் சொல்லிறக் கூடாதாம், உங்ககிட்ட கண்டிப்பாச் சொல்லச் சொன்னா."

"சொல்லல. சொல்ல மாட்டேன்."

"இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு வரச் சொல்லிருக்காங்க. அப்பவும் இருக்கணும்ப்பா. எனக்குப் பயமாத்தான் இருக்கு."

"எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு" என்றார் ஆவுடையப்பன். அப்படி ஒரு வார்த்தையை அவர் மகளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுத்து விடுவது கேட்டது.

"அப்பா. அந்தக் கொலுசு அங்கதான இருக்கு?"

"எந்தக் கொலுசு? அதத்தான் கடையில..." என்று ஆரம்பித்தார்.

"தவள அறுக்குற பெட்டியில. பொங்கலுக்குக் கத்தரி தேடுதப்ப பாத்தேன்."

பிள்ளைகள் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு விடையைச் சத்தமாகச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு. அவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"இருக்கும்மா" என்றார். "அங்கயேதான் இருக்கு."

"அங்கயே இருக்கட்டும், வெளிய எடுக்க வேண்டாம்" என்றாள் சங்கரி. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அந்தப் பஞ்ச மட்டும் எடுத்துருங்கப்பா."